எடை எந்தச் சக்கரத்தின் மேல்?

திருவள்ளூர் மாவட்டத்தில் இரண்டு ஆலை வாசல்களில் பிரெஞ்சுப் பெயர்களைப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் நிறுவனம் லாரிக்கும் பஸ்ஸுக்குமான ரேடியல் டயர்களைச் செய்கிறது. திருவள்ளூரில், ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலையில், இன்று சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு கணக்குப் போட்டு இந்தப் பக்கம் வந்தவை. ஆனால் 1934-இல் பிரான்ஸில் வெளிவந்த ஒரே ஒரு கார், இந்த இரண்டு நிறுவனங்களின் தலையெழுத்தையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

அந்தக் கார் சிட்ரோயனின் திராக்ஸியோன் அவான். முன் சக்கரங்கள் இழுத்துச் செல்லும் கார் என்பதையே பெயராக வைத்துக்கொண்டது. அதற்கு முன்பும் முன்சக்கர இழுவைக் கார்கள் இருந்தன. ஆனால் பெரும் எண்ணிக்கையில், சாதாரணக் குடும்பங்கள் வாங்கும்படி ஒன்றைச் செய்யத் துணிந்தவர் ஆந்திரே சிட்ரோயன். அந்தத் துணிச்சலுக்கான செலவு நிறுவனத்தையே விழுங்கியது. அதே ஆண்டின் முடிவில் சிட்ரோயன் கடனில் மூழ்க, அதற்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்த மிஷெலின் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1935-இல் ஆந்திரே சிட்ரோயன் இறந்துபோனார். அவர் செய்த கார் மட்டும் 1957 வரை உற்பத்தியில் இருந்தது.

பின் சக்கரம் தள்ளினால் என்ன, முன் சக்கரம் இழுத்தால் என்ன, வண்டி போனால் சரி என்று நமக்குத் தோன்றலாம். ஒருவர் தன் நிறுவனத்தையே பணயம் வைக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், எஞ்சினை விட்டுவிட்டு டயரிலிருந்து தொடங்க வேண்டும்.

எவ்வளவு பெரிய எஞ்சினாக இருந்தாலும் அதன் வலிமை சாலைக்குப் போய்ச் சேருவது, டயர் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு இடத்தின் வழியாகத்தான். அந்த இடத்தில் கிடைக்கும் பிடிமானம், ஏறத்தாழ, இரண்டு விஷயங்களின் பெருக்கல்: சாலையும் ரப்பரும் சேர்ந்து தரும் உராய்வு, அந்தச் சக்கரத்தின் மேல் அழுத்தும் எடை. உராய்வு மழைக்கும் மணலுக்கும் ஏற்ப மாறும். அது வண்டியை வடிவமைப்பவர் கையில் இல்லை. எடையை எங்கே வைப்பது என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது. வண்டியில் ஓரிடத்தில் குவிந்த பெரிய எடை, எஞ்சினும் கியர்பாக்ஸும். ஆகவே எஞ்சினை எங்கே வைப்பது, எந்தச் சக்கரத்தைச் சுழற்றுவது என்ற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வி: சுழலும் சக்கரத்தின் மேல் போதுமான எடை இருக்கிறதா?

1891-இல் பிரான்ஸின் பன்ஹார் லெவாஸோர் நிறுவனம் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தது. எஞ்சின் முன்னால், அதற்குப் பின் கியர்பாக்ஸ், சுழல்வது பின் சக்கரம். அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் பெரும்பாலான கார்கள் அந்த வரிசையில்தான் நின்றன. நம் அம்பாசடரும் அப்படித்தான். 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அந்தக் காரின் பானெட்டைத் திறந்தால், எஞ்சின் வண்டியின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ். அங்கிருந்து ஒரு நீண்ட புரொபெல்லர் ஷாஃப்ட் தரைக்கு அடியில் ஓடி, பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலில் போய்ச் சேரும். அந்த ஷாஃப்டுக்கு இடம் விடத்தான் பின் சீட்டின் காலடியில் நடுவில் ஒரு மேடு. கல்யாணத்துக்கு அம்பாசடரில் போனவர்களில் நடுவில் உட்கார நேர்ந்தவரால் அந்த மேட்டை மறக்க முடியாது. இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்.

இந்த ஒழுங்கில் வேலைப் பங்கீடு தெளிவானது. முன் சக்கரம் திரும்பும், பின் சக்கரம் தள்ளும். முன்னால் சுழற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஸ்டீயரிங் அமைப்பு எளிது. ஷாஃப்டை இணைக்கும் கிராஸ் என்ற மூட்டு தேய்ந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் மாற்றிவிடலாம். அம்பாசடர் இந்தியக் கிராமச் சாலைகளில் அத்தனை காலம் நிலைத்ததற்கு இந்த எளிமை ஒரு முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன். விலையும் உண்டு. ஷாஃப்ட், அதன் இணைப்புகள், கனத்த பின் ஆக்சில் எல்லாம் சேர்ந்து எடையைக் கூட்டும், இடத்தைத் தின்னும். எஞ்சினின் எடை அழுத்துவது முன் சக்கரத்தை. சுழல வேண்டியதோ பின் சக்கரம். வண்டியில் ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பின்பக்கம் லேசாக இருக்கும். ஈரச் சேற்றில் அந்தச் சக்கரம் ஓரிடத்திலேயே சுற்றிக் குழி பறித்துக்கொள்ளும்.

எஞ்சின் எந்தச் சக்கரத்தை அழுத்துகிறதோ அதையே சுழற்றிவிட்டால் என்ன? கேட்க எளிதாக இருக்கும் இந்த யோசனை இத்தனை ஆண்டுகள் தாமதமானதற்குக் காரணம் ஒரு மூட்டு. முன் சக்கரம் திரும்ப வேண்டும், குழியில் இறங்கி ஏற வேண்டும், அதே நேரத்தில் சுழலவும் வேண்டும். புரொபெல்லர் ஷாஃப்டில் இருக்கும் சாதாரண கிராஸ் இணைப்பு சில டிகிரி சாய்வில் ஒழுங்காக வேலை செய்யும். கோணம் கூடக் கூட அதன் குணம் மாறும். உள்ளே வரும் ஷாஃப்ட் சீராகச் சுழன்றாலும், வெளியே போகும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். கோணம் 30 டிகிரி என்றால் வேகம் 87 சதவீதத்துக்கும் 115 சதவீதத்துக்கும் இடையே ஊசலாடும். ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது அந்த உதறல் ஓட்டுநரின் கைக்கே வந்து சேரும்.

இதற்குத் தீர்வாக, 1920-களில் ஆல்பிரட் ரெப்பா என்ற பொறியாளர் ஆறு எஃகு உருண்டைகளைக் கொண்ட ஓர் இணைப்பை வடிவமைத்தார். ஒரு கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம். இரண்டிலும் எதிரெதிராக வளைந்த காடிகள். அவற்றில் உருளும் உருண்டைகள். ஷாஃப்ட் எவ்வளவு சாய்ந்தாலும் உருண்டைகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும்படி காடிகள் அவற்றைப் பிடித்துவைக்கும். சரிபாதியில் நின்றால் இரண்டு பக்க வேகமும் சமம். அதனால் சிவி ஜாயின்ட் என்று அதை இன்று எல்லோரும் சொல்கிறோம். சீரான வேகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது.

எந்தப் பட்டறையிலும் ஒரு காரை லிஃப்டில் ஏற்றி நிறுத்தி, முன் சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டுக் கீழே நின்று பார்த்தால் இதைக் கண்ணால் காணலாம். சக்கரத்துக்கு உள்பக்கம் மடிப்பு மடிப்பாக ஒரு கருப்பு ரப்பர் உறை தெரியும். அதற்குள்தான் அந்த உருண்டைகள், கிரீஸில் மூழ்கி இருக்கின்றன. அந்த உறையில் ஒரு சின்னக் கிழிசல் போதும். சுழலும் வேகத்தில் கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெல்லாம் சிதறும், அந்த வழியாகவே மணல் உள்ளே போகும். கும்மிடிப்பூண்டி பக்கம் உருக்காலைச் சாலைகளின் தூசியில் இது சீக்கிரம் நடக்கும். பிறகு வண்டியைத் திருப்பும்போது கட் கட் கட் என்று சத்தம் கேட்கத் தொடங்கும். "பூட் கிழிஞ்சிருச்சு சார், கிரீஸ் பூரா வெளிய வந்துருச்சு" என்று மெக்கானிக் சொன்னால் அன்றே மாற்றிவிடுவது நல்லது. உறை மலிவு, உள்ளே இருப்பது மலிவல்ல.

மூட்டு கிடைத்த பிறகு மீதி இருந்தது இடப் பிரச்சினை. திராக்ஸியோன் அவானில் எஞ்சின் நீளவாக்கில்தான் இருந்தது; கியர்பாக்ஸ் அதற்கும் முன்னால். அதனால் முகம் நீண்ட கார் அது. 1956-இல் சூயஸ் நெருக்கடி வந்து பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பிஎம்சி நிறுவனத்துக்காகச் சிறிய கார் ஒன்றைத் திட்டமிட்ட அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கினார். 1959-இல் வந்த அந்த மினி காரின் நீளம் சுமார் 10 அடிதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு இடம் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் கிடைத்தது. அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் இதே பிஎம்சியின் கார் என்பது குறிப்பிட வேண்டியது. நாம் ஒரு தலைமுறைக் காரை வாங்கிக்கொண்டு வந்த சில ஆண்டுகளிலேயே அந்த வீட்டில் அடுத்த தலைமுறை பிறந்துவிட்டது.

ஆனால் இன்றைய கார்களின் நேரடி முன்னோடி மினி அல்ல. ஃபியட்டின் தாந்தே ஜியகோசா கியர்பாக்ஸை அடியில் வைக்காமல், குறுக்கே நிற்கும் எஞ்சினின் ஒரு முனையில் ஒட்டவைத்தார். 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலா, 1969-இல் ஃபியட் 128 என்று அது வந்தது. இந்த அமைப்பில் கியர்பாக்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் இடது, வலது ஆக்சில்களின் நீளம் சமமாக இருக்காது. சக்தி அதிகமான கார்களில் திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதற்கு அது ஒரு காரணம். அந்தச் சின்னக் குறையைப் பொறுத்துக்கொண்டு உலகமே ஜியகோசாவின் வழிக்கு வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வழியாக அது இந்தியக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது.

திருவள்ளூருக்கு அந்த அமைப்பு 1998-இல் வந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் மிட்சுபிஷியுடன் சேர்ந்து லான்சர் காரை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. ஒரே நிறுவனம் உத்தர்பாராவில் பின்சக்கர அம்பாசடரையும், திருவள்ளூரில் முன்சக்கர லான்சரையும் ஒரே காலத்தில் செய்துகொண்டிருந்தது. 2017-இல் சி.கே. பிர்லா குழுமத்துடன் கைகோத்து பிரான்ஸின் பிஎஸ்ஏ, அதாவது பெஜோ-சிட்ரோயன் குழுமம், இந்த ஆலைக்குள் வந்தது. அதே ஆண்டில் அம்பாசடர் என்ற பெயரையும் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. இப்போது இங்கிருந்து சி3, பசால்ட் போன்ற கார்கள் வெளியே வருகின்றன. எஞ்சின் முன்னால், குறுக்கே; சுழல்வது முன் சக்கரம். ஆந்திரே சிட்ரோயன் எதற்காகக் கடனாளியானாரோ அந்த முன்சக்கர இழுவைதான்.

அவருக்குப் பின் நிறுவனத்தை நடத்திய மிஷெலினுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திரும்பவும் இழுக்கவும் ஒரே டயரை நம்பும் காருக்குப் பழைய டயர் போதாது. உள்ளே இருக்கும் நூல்கள் குறுக்கும் மறுக்குமாகப் பின்னப்பட்ட டயர் அது. வளைவில் அதன் முகப்பும் சேர்ந்து நெளியும். 1946-இல் மிஷெலின் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் நூல்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகச் செல்கின்றன. அவற்றுக்கு மேல் முகப்பைச் சுற்றி எஃகு இழைப் பட்டை. பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும், முகப்போ தரையில் தட்டையாகவே பதிந்திருக்கும். கார் நிறுவனமும் கையில் இருந்ததால் மிஷெலினால் அதை உடனே சிட்ரோயன் கார்களில் பொருத்த முடிந்தது. தேர்வாய் கண்டிகையில் இன்று உருவாகும் ஒவ்வொரு லாரி டயரும் அந்த வம்சம்தான். அந்த ஆலை எழுந்த நிலத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. தேர்வாய் மக்கள் ஆடுமாடு மேய்த்த, விறகு எடுத்த நிலம் அது. அதற்காக அவர்கள் போராடினார்கள், பிரான்ஸ் வரை முறையீட்டைக் கொண்டுபோனார்கள்.

முன்சக்கர இழுவைக்கும் எல்லை உண்டு. கணக்காகவே பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்றில் சுமார் 600 கிலோ முன் சக்கரங்களில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வேகம் எடுக்கும்போது எடையின் ஒரு பகுதி பின்னுக்குச் சாய்கிறது. எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம், சக்கரங்களுக்கு இடையே 2.54 மீட்டர் என்று கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு வேகமெடுப்புக்குச் சுமார் 65 கிலோ இடம் மாறும். முன்னால் 535 கிலோ மிச்சம், பரவாயில்லை. அதே காரில் ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையப் பையும் வைத்து, திருமலை மலைப்பாதையில் மழையில் ஏறினால் கதை மாறுகிறது. ஆட்களின் எடையும் பையின் எடையும் பெரும்பாலும் பின்னால். ஏற்றம் இன்னும் கொஞ்சத்தைப் பின்னால் தள்ளும். கேரியரில் அரிசி மூட்டை கட்டிய சைக்கிளை மேட்டில் ஏற்றும்போது முன் சக்கரம் லேசாவதைப் போல, இழுக்க வேண்டிய சக்கரம் மெல்ல எடை இழக்கிறது. கொண்டை ஊசி வளைவில் அதே டயர் திரும்பவும் வேண்டும். ஒரு டயரின் பிடிமானம் ஓரளவுதான். இழுப்பதற்குச் செலவானது போகத்தான் திரும்புவதற்கு. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார் வளைவின் வெளிப்பக்கம் போக முனைவது அதனால்தான். காலை மெதுவாகத் தளர்த்தினால் டயருக்கு மூச்சு திரும்பும்.

சுமை ஏற்றவே பிறந்த வண்டிகளில் இந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலைக்கு ஏறும் லாரிகளில் முறுக்குக் கம்பிக் கட்டுகள் போகின்றன. அவற்றின் எடை முழுவதும் கேபினுக்குப் பின்னால். சுமை ஏற ஏறப் பின் சக்கரத்தின் பிடிமானமும் கூடுகிறது. ஆகவே அங்கே பின் சக்கரம் தள்ளுவதைத் தவிர வேறு ஒழுங்குக்கு வேலையே இல்லை. பல லாரிகளில் ஒரு ஜோடிச் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது லிஃப்ட் ஆக்சில். லாரி காலியாக இருக்கும்போது அதைத் தூக்கிவிட்டால் டயர் தேய்மானம் மிச்சம்; கூடவே, அது தாங்கிக்கொண்டிருந்த எடை சுழலும் சக்கரத்தின் மேலும் வந்து விழுகிறது.

திருவள்ளூர் ஆலை சில காலம் ஜப்பானின் இசுசு நிறுவனத்துக்காக டி-மேக்ஸ் பிக்கப்களையும் பூட்டிக்கொடுத்தது. 2016-இல் இசுசு, ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்தது. லான்சர் உருவான கூரையின் கீழேயே, எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தைத் தள்ளும் வண்டியும் உருவானது இந்த ஆலையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. டி-மேக்ஸின் உடன்பிறப்பான வி-கிராஸில் நான்கு சக்கர இழுவையும் உண்டு. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், வேண்டும்போது முன் ஆக்சிலையும் சேர்த்துப் பூட்டும். காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ஷாஃப்டை முறுக்கும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விடுவித்துக்கொள்ளும்.

எஞ்சினைப் பின்னாலோ நடுவிலோ வைத்த வண்டிகளும் நம் கண்முன் ஏராளம். மாருதி 800-இன் அதே 796 சிசி எஞ்சின்தான் 1984-இல் வந்த மாருதி வேனில் முன் சீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்து பின் சக்கரத்தைச் சுழற்றியது. முன்னால் மூக்கே இல்லாததால் பெட்டி மாதிரி இடம் கிடைத்தது. சீட்டுக்கு அடியில் சூடும் கிடைத்தது. ஆட்டோவிலும் 2009-இல் வந்த டாடா நானோவிலும் எஞ்சின் பின்னால். எஞ்சின், கியர், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கட்டியாகச் சுழலும் சக்கரத்தின் அருகிலேயே இருந்துவிடும்.

பின்பக்க எஞ்சினால் நிஜமாகவே வாழ்க்கை மாறியது பஸ்ஸில்தான். நம் பழைய டவுன் பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஷாஃப்ட் பஸ்ஸின் முழு நீளத்துக்கும் தரைக்கு அடியில் ஓடிப் பின் ஆக்சிலுக்குப் போகிறது. அந்த ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் சட்டகத்துக்கும் மேலேதான் தளம் போட முடியும். அதனால்தான் அத்தனை உயரப் படிகள். முழங்கால் வலியுள்ள பாட்டியும், சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஏற முடியாமல் நின்றதற்கு மூலம் எஞ்சினின் இருப்பிடம். எஞ்சினைப் பின்னால், ஆக்சிலுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டால், முன் வாசலிலிருந்து பின் ஆக்சில் வரை அடியில் ஓட ஒன்றும் இல்லை. தளத்தைத் தரையோடு தாழ்த்திவிடலாம். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2024-இல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் அசோக் லேலண்டின் தாழ்தள பஸ்களை ஓடவிட்டது. அவற்றில் பின்பகுதி இருக்கைகள் மட்டும் படி ஏறிப் போகும் உயரத்தில் இருக்கும். எஞ்சின் அங்கேதான் இருக்கிறது.

மின்சாரக் கார் வந்த பிறகு இந்தக் கேள்வி மறுபடி திறந்திருக்கிறது. மோட்டார் சிறியது, எந்த ஆக்சிலிலும் செருகலாம். கனமான பொருள் இனி பாட்டரி. அது தரைக்கு அடியில் முழு நீளத்துக்கும் பரவிக் கிடப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பிரிகிறது. முன்சக்கர இழுவைக்கு இருந்த பெரிய நியாயமே, எஞ்சினின் எடை அங்கே இருக்கிறது என்பதுதான். அந்த நியாயம் இப்போது இல்லை. திருவள்ளூரில் உருவாகும் மின்சார சி3 பெட்ரோல் சி3-யின் உடலையே பயன்படுத்துவதால் மோட்டாரும் எஞ்சின் இருந்த இடத்திலேயே, முன்னால். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் ஆலையில் இரண்டு விடைகளையும் பார்க்கலாம். பெட்ரோல் காரிலிருந்து பிறந்த மின்சார க்ரெட்டாவில் மோட்டார் முன்னால். தொடக்கத்திலிருந்தே மின்சாரத்துக்கென்று வரைந்த ஐயோனிக் 5-இல் பின்னால். வேகமெடுக்கும்போது எடை பின்னுக்குச் சாய்வதால் பின் மோட்டாருக்குப் பிடிமானம் அதிகம். பிரேக் போடும்போது எடை முன்னுக்கு வருவதால், ஓட்டத்தின் ஆற்றலைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வேலையில் முன் மோட்டார் கெட்டி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மோட்டார் வைத்தால் இரண்டும் கிடைக்கும், விலையும் எடையும் கூடும். நெரிசலில் நின்று நின்று போகும் நகரக் காருக்கு முன் மோட்டாரே போதும் என்பது என் கணிப்பு. ஐந்து பேரோடு மலையேறும் குடும்பத்துக்குப் பின் மோட்டார்.